பெட்டிக்குள் முதலில் போன காகிதம்

ஓட்டுப்பெட்டிக்குள் முதலில் போவது ஓட்டு அல்ல. ஒரு காகிதத் துண்டு. நாடு விடுதலையாகி நடந்த முதல் பொதுத்தேர்தலில் எங்கள் அத்தான், அதாவது என் அக்காளின் கணவர், சட்டசபைக்கு நின்றார். அவருடைய பலசரக்குக் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்த என்னை எங்கள் ஊர்ச் சாவடிக்கு ஏஜண்டாக உட்காரச் சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்தக் காகிதம் எனக்கு அறிமுகமானது.

தேர்தலுக்கு முன்னால் தக்கலையில் ஏஜண்டுகளையெல்லாம் கூட்டிவைத்து, ஓர் அதிகாரி இரும்புப் பெட்டி ஒன்றை மேசைமேல் தூக்கி வைத்து விளக்கினார். பெட்டியின் மூடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சன்னல். மூடிக்கு உட்புறம், அந்தச் சன்னலுக்கு நேராக, எண் அச்சடித்த காகிதத் துண்டு ஒன்றைச் செருகுவார்கள். செருகும் முன் சாவடி அதிகாரி அதில் ஒப்புப் போடுவார். எங்கள் பக்கம் கையெழுத்தை ஒப்பு என்றுதான் சொல்வோம். ஏஜண்டுகளும் போடுவார்கள். மூடியை இறுக்கிவிட்டால் அதன் பிறகு பெட்டியைத் திறக்க ஒரே வழிதான். சன்னல் வழியாக விரலால் குத்தி அந்தக் காகிதத்தைக் கிழிக்க வேண்டும். கிழித்தால்தான் உள்ளேயிருக்கும் கொக்கி விரலுக்கு எட்டும்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் பூட்டிய பூட்டைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவன். பாதி வழி போனபின் மறுபடியும் போய் இழுத்துப் பார்க்கிறவன். பொருளை உள்ளே வைத்துவிட்டு அப்புறம் காவலைப் பற்றிக் கவலைப்படுவதுதான் எனக்குத் தெரிந்த வழக்கம். இங்கேயோ காவல் முதலில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. முதல் ஓட்டு விழுவதே அதன் கண்முன்னால்தான்! இப்படி ஒன்றை யோசித்தவன் என்னைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் எனக்குக் கூடவே சந்தேகமும் வரும். எழுந்து நின்றுவிட்டேன்.

“சார், எவனாவது காகிதத்தக் கிழிச்சுப் பெட்டியத் தொறந்துட்டு, வேற காகிதம் வச்சு மூடினா?”

“எண் மாறிப்போகும். அது எங்ககிட்ட எழுதி வச்சிருக்கும்.”

“அதே எண்ணையும் அச்சடிச்சுக் கொண்டுவந்தா?”

“அதுக்குத்தான்வே ஒப்பு.”

“ஒப்பையும் அதுமாதிரியே போட்டுட்டா?”

ஹால் முழுக்கச் சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: “அப்பம் உம்மக் கொண்டுவந்து பெட்டி முன்னால நிறுத்தி, இது உம்ம ஒப்புதானான்னு கேப்போம். நீர் சொல்லணும்.”

போச்சு. அதுவரை இருந்த சந்தோஷமெல்லாம் போச்சு. இத்தனை பெரிய சர்க்கார், இத்தனை இரும்பு, இத்தனை கொக்கி, எல்லாம் கடைசியில் என் ஒப்பில் வந்து நிற்கிறது. எனக்கோ ஒப்பு என்று ஒன்று உருப்படியாகக் கிடையாது.

அதைச் சொல்ல வேண்டும். எங்கள் மேற்குப் பக்கத்தில் அன்று பள்ளிக்கூடமென்றால் பெரும்பாலும் மலையாளம்தான். நான் நாலாம் வகுப்பில் நின்றவன். அந்த நாலு வருஷத்தில் கற்றது மலையாள எழுத்து. வீட்டில் பேச்சு தமிழ், ஒப்பு மலையாளம். அதில் யாருக்கும் குறை இல்லை. ஆனால் மலையாள ராஜ்யத்தோடு இருந்த எங்கள் தாலுகாக்களைத் தமிழ்ப் பக்கத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. பேருந்தில் ஏறினால் அதே பேச்சு, சவரக்கடையில் உட்கார்ந்தால் அதே பேச்சு. எனக்கும் சூடு ஏறிவிட்டது. இனி என் பெயரைத் தமிழில்தான் எழுதுவது என்று முடிவுகட்டினேன்.

முடிவு கட்டினால் போதுமா, எழுத வேண்டாமா? எழுதக் காட்டித் தந்தவள் என் மனைவி. அவள் கிழக்கே நாகர்கோவில் பக்கத்துக்காரி, மிஷன் பள்ளியில் ஏழாவது வரை தமிழ் படித்தவள். வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத ஒருவர் வீடுவீடாக வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் பலர் கதவுக்குப் பின்னால் நின்று “இன்னார் பெண்டாட்டின்னு எழுதும்” என்றார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் பிறகு ஓட்டே இல்லாமல் போயிற்று. என் மனைவி முற்றத்தில் இறங்கி நின்று தன் பெயரைக் கணீரென்று சொன்னாள். அடுத்து அவர் கணவன் பெயரைக் கேட்டார். அவ்வளவுதான், வாய் மூடிக்கொண்டது. கணவன் பெயரைப் பெண் உச்சரிக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர் மறுபடி கேட்டார். அவள் அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள்! வாயால்தானே சொல்லக்கூடாது, கையால் எழுதினால் யார் கேட்பார்கள்?

அந்தப் பென்சில் எழுத்துத்தான் என் தமிழ் ஒப்பு. என் பெயரின் நடுவில் ஒரு ழ வரும். அதன் சுழியும் வாலும் எனக்குச் சாமானியத்தில் பிடிபடவில்லை. கடையில் கொட்டிக்கிடந்த உப்பில் விரலால் எழுதிப் பார்ப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிளகு, சீரகத்துக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பாள். அவள் மடிப்பு ஒரு தினுசு. நூலே வேண்டாம், முக்கோணமாக மடித்து ஒரு காதை உள்ளே செருகிவிட்டால் கீழே போட்டாலும் அவிழாது. வாங்கிப்போனவர்கள் வீட்டில் அவிழ்க்கத் தெரியாமல் திரும்ப வந்ததுண்டு.

“வெப்றாளம் பிடிச்சு எழுதாதிய. ழ என்ன ஓடியா போவுது?” என்பாள். வெப்றாளம் என்றால் பதற்றம். என் பெயரைச் சொல்ல முடியாததால் எனக்கு அவள் வைத்திருந்த பெயரே ஏறக்குறைய அதுதான்.

அத்தானுக்குச் சைக்கிள் சின்னம். எதிர்த்து நின்ற பக்கத்து ஊர் நாட்டு வைத்தியருக்கு மரம். வேறு யாரும் நிற்கவில்லை. வைத்தியர்மேல் எனக்குக் கோபமொன்றும் இல்லை. எங்கள் மகள் மாந்தத்தில் துவண்டு கிடந்தபோது கொட்டுகிற மழையில் நடந்து வந்தவர். அன்றைக்கு ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனிப் பெட்டி. திரை மறைவுக்குள் போய், கொடுத்த சீட்டை எந்தப் பெட்டியில் வேண்டுமோ அதில் போட வேண்டியதுதான். 

“அத்தான் சைக்கிள்ல என்னைக்காவது நம்ம பிள்ளைய ஏத்தியிருக்காரா?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். களியாக்குகிறாள், அதாவது கேலி செய்கிறாள், என்று நினைத்து நானும் சிரித்தேன்.

ஓட்டு நாள் விடிந்தது. கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சாவடிக்குப் போனேன். வாசலில் திருவிழாக் கூட்டம். கோடித்துணியில் வந்திருந்தார்கள். ஒருவர் பெட்டிக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், பெட்டியைக் கும்பிட. சாவடி அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர், மலையாளக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். வைத்தியருக்கு ஏஜண்டாக வந்திருந்தவர் எங்கள் ஊர்க் கருப்பட்டி வியாபாரி. நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஆள். வெற்றிலையும் கேலியுமாக இருப்பார்.

இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார்கள். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு காகிதத் துண்டுகள் வந்தன. முதலில் சைக்கிள் பெட்டிக்கு உரியது. பேனாவைப் பிடித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, உப்பில் எழுதியதுபோலவே, சுழியும் வாலுமாக முழுத் தமிழில் என் பெயர் வந்து இறங்கியது. ஆஹா! அண்ணாச்சியைப் பார்த்தேன், பார்த்தாரா என்று.

அடுத்தது மரத்துப் பெட்டிக்கு உரியது. அதற்குள் வாசலில் கூட்டம் நெருக்கி யாரோ கத்த, அதிகாரி என் முதுகுக்குப் பின்னாலிருந்து மேசையைத் தட்டினார். “வேகம், வேகம்! இவிட ஒப்பிடு!” பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதட்டின அதே ஓசை. என் பெயரின் முதல் எழுத்துகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த கை, ழ வந்ததும் பழைய வகுப்புக்குள் ஓடிவிட்டது. மலையாள ழ விழுந்தது. விழுந்ததைப் பார்த்துப் பதறி, மிச்சத்தைத் தமிழில் முடித்துவிட்டேன்.

அண்ணாச்சி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. “எல்லைக்கோடு உம்ம பேருக்குள்ளயேல்லா ஓடுது மக்கா! கிழக்கயும் மேற்கயும் தமிழு, நடுவில மலையாளம்! சண்டை தீந்துபோச்சு போ!”

“அண்ணாச்சி, களியாக்காதிய. இப்பம் என்ன செய்ய?”

“சாரமில்ல, பரவாயில்ல. பேரு உம்ம பேருதான?” என்று சொல்லிக்கொண்டே என் ஒப்புக்குக் கீழே தன் ஒப்பைப் போட்டார். காகிதத்தை அமுக்கிப் பிடித்த அவருடைய இடது பெருவிரல், காயாத என் ழ-வின் மேல் பதிந்து அதைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. விரலெல்லாம் மை. அதை அவர் எங்கே துடைத்தார் என்கிறீர்கள்? என் கல்யாணச் சட்டையின் தோளில்!

“அண்ணாச்சி!”

“அட, கெடக்கட்டும். ஓட்டுப் போட்டா எல்லாவனுக்கும் மைதான.”

நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி காகிதத்தைச் செருகி மூடியை இறுக்கிவிட்டார். அதன்பின் கிழித்தால்தான் உண்டு. மூடி இறுகிய டக் என்ற சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

நடுப்பகலுக்கு என் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வரிசையில் நின்றாள், பெயர் கேட்டதும் கணீரென்று சொன்னாள், மை வைத்த விரலை எனக்கு நேராகக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுத் திரைக்குள் போனாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே கேட்டாள்: “எம் ஓட்டு பத்திரமா இருக்குமா? மழ கிழ பெஞ்சா நனையாதா? வழியில எவனும் எடுத்துர மாட்டானா?” என் வெப்றாளம் முழுவதும் அவளுக்குப் போய்விட்டது. காகிதத்தைப் பற்றி நான் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். “அப்பம் உங்க ஒப்பு எம் ஓட்டுக்குக் காவல்” என்றாள். சட்டைக் கறைக்கு உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள். நீலம் வெளுத்ததே தவிரப் போகவில்லை.

நடுவில் விழுந்த மலையாள ழ-வைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

எண்ணிக்கை தக்கலையில். இருந்த ஒரே வெள்ளைச் சட்டை அதுதான் என்பதால் அதையே போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு சாவடிப் பெட்டியாக மேசைக்கு வரும். சன்னலில் தெரியும் காகிதத்தை ஏஜண்டுகளுக்குக் காட்டுவார்கள். எல்லாரும் சரி என்றபின் அதிகாரி காகிதத்தைக் குத்திக் கிழிப்பார். அந்த அதிகாரி வேறு யாருமல்ல, முன்பு பெட்டி விளக்கியவர்தான். என்னைப் பார்த்ததும், “சந்தேகக்காரர் வந்தாச்சா?” என்றார்.

காலையிலிருந்தே அத்தானுக்குக் காற்று எதிராக வீசியது. எங்கள் ஊர்ச் சைக்கிள் பெட்டி வந்தது, என் முழுத் தமிழ் ஒப்பு சன்னலில் மினுங்கியது, எண்ணினார்கள். அடுத்து மரத்துப் பெட்டி. அத்தானுக்காக வந்திருந்த வக்கீல் குனிந்து பார்த்தவர் அப்படியே கையை உயர்த்தினார்.

“ஆட்சேபம்! இதே ஏஜண்டு அந்தப் பெட்டியில் போட்ட கையெழுத்து வேறு, இது வேறு. இந்தக் காகிதம் மாற்றப்பட்டிருக்கிறது. பெட்டியை எண்ணக்கூடாது.”

அதிகாரி என்னை விரலால் அழைத்தார். அன்று சொன்னாரே, பெட்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்துவோம் என்று. நிறுத்திவிட்டார்.

“இது உம்ம ஒப்பா?”

குனிந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. முதலும் முடிவும் என்னுடையதுபோல இருந்தது. நடுவில் ஒரு நீலக் குழப்பம். யாரோ என்னைப்போல எழுதப் பார்த்து நடுவில் தவறிவிட்டதுபோல இருந்தது. இப்படி ஒன்றைக் கற்பனை செய்து பயந்தது நான்தானே, அது நடந்தேவிட்டதோ?

“ஒருதடவ போட்டுக் காட்டும்” என்று ஒரு தாளை நீட்டினார். போட்டேன். பயத்தில் கை அவ்வளவு ஒழுங்காக எழுதியது! சுழி, வால், எல்லாம் முழுத் தமிழ்.

“பார்த்தீர்களா?” என்றார் வக்கீல். என் காதருகே வந்து, “இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லும், போதும். பெட்டி ஒதுங்கிரும்” என்றார். அத்தான் என் முதுகில் கை வைத்தார். “சொல்லுலே” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் கையின் கனம் எனக்குத் தெரியும். அது எனக்குச் சோறு போடுகிற கை.

இல்லை என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று குனிந்தேன். பூட்டைத் திரும்ப இழுத்துப் பார்க்கிற புத்திதான், வேறொன்றுமில்லை. அந்த நீலக் குழப்பத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஒரு விரலின் கோடுகள், பக்கவாட்டில் இழுபட்டவை. சட்டென்று என் தோள் சுட்டது. நிமிர்ந்தேன். எதிர்ச்சுவரோரம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். வாயில் வெற்றிலை அசையவில்லை. இடது பெருவிரலை முஷ்டிக்குள் மடக்கி வைத்திருந்தார். “நான் சொல்லியிருந்தா எங்க ஆளுக்காகச் சொல்லுதேன்னுல்லா ஆகும் மக்கா” என்று பிறகு சொன்னார்.

“சார், இது எனக்க ஒப்புதான்!” என்று கத்திவிட்டேன். அவ்வளவு சத்தம் எனக்கு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. “நடுவில இருக்கது மலையாள ழ! அதிகாரி அதட்டினாரு, கை மாறிப்போச்சு. காயும் முன்ன இந்த அண்ணாச்சி பெருவிரல வச்சுத் தேச்சுட்டாரு. அதே மைய எனக்க சட்டையில தொடச்சாரு. இன்னா பாருங்க!” தோளைத் திருப்பிக் காட்டினேன். வெளுத்த நீலத்தில் ஒரு பெருவிரல் அகலம்.

அத்தானின் கை முதுகிலிருந்து எடுபட்டது.

அதிகாரி எழுந்து வந்து சட்டையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், அண்ணாச்சியைக் கூப்பிட்டார். “ஓட்டு அன்னைக்குக் காலைல இவரு இந்த ஒப்பப் போட்டதப் பாத்து நீர் ஏதாவது சொன்னீரா?”

அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “சொன்னேன் சார். எல்லைக்கோடு உம்ம பேருக்குள்ள ஓடுதுன்னு சொன்னேன். கிழக்கயும் மேற்கயும் தமிழு, நடுவில மலையாளம்ன்னு.”

அதிகாரி குனிந்து அந்த ஒப்பை எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார், ஹாலும் சிரித்தது. “இத ஒருத்தனும் கள்ள ஒப்பாப் போட முடியாது. கள்ளன் போட்டிருந்தா ஒழுங்கால்லா போட்டிருப்பான்?” எழுதிவைத்த எண்ணோடு காகிதத்தின் எண்ணையும் ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. விரலை நேராக நீட்டிக் காகிதத்தைக் குத்தினார். என் ழ இரண்டாகக் கிழிந்தது. பெட்டி திறந்தது.

சீட்டுகளை மேசையில் கவிழ்த்தார்கள். வக்கீல் அத்தானை ஹால் சன்னலோரம் இழுத்துப் போய்க் கோபமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேசையருகிலேயே நின்றேன். இரண்டாக மடித்தவை, நாலாக மடித்தவை, சுருட்டியவை. அவற்றுக்கு நடுவில் கிடந்தது ஒன்று: முக்கோணமாக, ஒரு காது உள்ளே செருகி, நூல் இல்லாமல்.

சீட்டுகளை எண்ணி எழுதுகிறவர் அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அவிழ்க்க வரவில்லை. “என்னதுவே இது, வைத்தியருக்கு மருந்துப் பொட்டலமா போட்டுருக்கான்?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது யார் மடிப்பென்று தெரியும். அந்த மடிப்பைத் தினமும் கடையில் பார்க்கிற இன்னொரு ஆள் அத்தான். திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வக்கீல் பக்கம் இருந்தது. எழுதுகிறவர் நகத்தால் நெம்பி, ஒருவழியாக அவிழ்த்து, நீவி, மரத்தின் அடுக்கில் வைத்தார். மேலே அடுத்த சீட்டு விழுந்தது. அதோடு அது எல்லாச் சீட்டுகளையும்போல ஒரு சீட்டாகிவிட்டது.

இல்லை என்று சொல்லியிருந்தேனானால்! நினைக்க நினைக்க வியர்த்தது. அவள் வாயால் சொல்லாத பெயரைக் கையால் எழுதித் தந்தாள். அந்தப் பெயரை என்னுடையது இல்லையென்று சொல்லி அவள் ஓட்டையே தள்ளியிருப்பேன். தக்கலையிலிருந்து வீடுவரை பேருந்தில் உட்காரவே முடியவில்லை, இடமிருந்தும் நின்றுகொண்டே போனேன். ஓடவேண்டும்போல இருந்தது.

அத்தான் தோற்றார். எங்கள் ஊர்ப் பெட்டியை ஒதுக்கியிருந்தாலும் தோற்றிருப்பார், அவ்வளவு வித்தியாசம். ஆனாலும் கொஞ்சகாலம் கடையில் என்னோடு பேசாமல் தராசோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு சரியாயிற்று.

அன்று நான் முற்றத்தில் கால் வைத்ததும் அவள் ஓடிவந்தாள். “எம் ஓட்ட எண்ணினாவளா?”

“எண்ணியாச்சு” என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. “மடிப்ப அவிழ்க்கத்தான் அந்த ஆளு பாடுபட்டுட்டாரு.”

அவள் மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மகள் அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியளா?” என்றாள் மெதுவாக.

“நல்லா இறுக்கமா மடிச்சிருந்த. ஒருத்தனும் தொட்டிருக்க முடியாது.”

மலையாள ழ-வையும், சட்டைக் கறை சாட்சி சொன்னதையும் அவளிடம் சொன்னேன். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தோளில் இருந்த கறையை அன்று அவள் தேய்க்கவில்லை. மற்ற இடத்தை மட்டும் அலசிக் கொடியில் போட்டாள்.